பத்து நிமிஷத்தில் மலையேறும்

அந்த அக்காவை நான் முதன்முதலில் பார்க்கப் போனது துக்கம் விசாரிக்க. செத்தது ஒரு நாய். அதுவும் சாகவில்லை.

சிரிக்காதீர்கள், ஒழுங்காகச் சொல்கிறேன். கப்பலில் மலாயாவுக்கு வந்து இறங்கி, கிள்ளானில் என் நாத்தனார் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, அப்போதுதான் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ரயிலில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை. ஜப்பான்காரன் வருவதற்கு ஆறேழு வருஷம் முந்திய காலம் அது. எனக்கு மலாய் தெரியாது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. கீரைக் கூடையோடு வந்த ஒரு மலாய்க்கார அம்மாள் வெள்ளைக்காரத் துரைமார் குடியிருந்த மேட்டுப் பங்களாக்கள் பக்கம் கையைக் காட்டி, "அஞ்சிங் மாண்டி, அஞ்சிங் மாண்டி" என்றார். அஞ்சிங் என்றால் நாய் என்று நாத்தனார் சொல்லிக் கொடுத்திருந்தாள். மாண்டி? இதிலென்ன சந்தேகம், மாண்டுபோய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரியின் நாய் செத்துவிட்டது, அவள் புதைக்கப் போயிருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

புது இடத்தில் நாலு பேரோடு ஒட்டிப் பழக வேண்டுமே. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேடேறினேன். பங்களாத் தோட்டத்துக்குள் காலை வைத்ததும் நாலு நாய்கள் என்னைச் சுற்றிச் சீறிக்கொண்டு ஓடின. பின்பக்கத்தை இறக்கிக்கொண்டு, காதை மடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் பிதுங்க, ஒன்றையொன்று இடித்துத் தள்ளி, ரோஜாப் பாத்தியில் புரண்டு, எழுந்து மறுபடி ஓட்டம். அலறிக்கொண்டு ஒரு மரக்கட்டை மேல் ஏறி நின்றேன்.

கவிழ்த்துப்போட்ட வாளி மேல் ஒருத்தி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். நல்ல உயரம், ஆம்பளைக்கு இருக்கிற மாதிரி மணிக்கட்டு, சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கை வரைக்கும் சவுக்கார நுரை.

"நாய் மாண்டுபோச்சுன்னு சொன்னாங்க, அதான்க்கா…" என்று இழுத்தேன்.

அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு ரவிக்கையில் ஒழுகியது. "அடிப் பாவி! மாண்டின்னா மலாயில குளிக்கிறதுடி! நான் நாய் குளிப்பாட்டுறவ."

"அப்ப ஏங்க்கா இப்படி ஓடுதுங்க?"

"அருள் வந்திருக்கு. பத்து நிமிஷம் பொறு, மலையேறிடும்."

ஊரில் சாமியாடியை விட்டு சாமி இறங்கினால் மலையேறிவிட்டது என்போம். அதை நாய்க்குச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. ஆனால் அவள் சொன்னபடியே நடந்தது. வாயிலிருந்த வெற்றிலையை மென்று துப்பும் நேரத்தில் நாலும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழலில் சாய்ந்தன. அன்றிலிருந்து நான் மறக்கவே மறக்காத மலாய்ச் சொல் என்றால் அது மாண்டிதான்.

அவள் பெயரை நான் கேட்கவே இல்லை. குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் அவள் நாய்க்கார அக்கா. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். திங்கள் முதல் சனி வரை பங்களா பங்களாவாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டிச் சீவிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சொந்த நாய்க்கு. அது ரயில் பாதையோரம் குட்டியாகக் கிடந்து எடுத்து வந்த நாய். பழுப்பு நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை. அதற்கு அவள் வைத்த பெயர் கங்காணி.

காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிகளை விரட்டி வேலை வாங்கும் கங்காணியின் கீழ் பத்து வருஷம் பால் வெட்டியவள் அவள். "பத்து வருஷம் கங்காணி சொல்லி நான் உக்காந்தேன், கங்காணி சொல்லி நான் எந்திரிச்சேன். இப்பப் பாரு," என்பாள். "டேய் கங்காணி, உக்காரு!" நாய் உட்காரும். "எந்திரி!" எழுந்திருக்கும். தோட்டத்திலிருந்து யாராவது உறவுக்காரர் வந்தால் இந்த வேடிக்கையைக் காட்டாமல் அனுப்ப மாட்டாள். வந்தவர்களும் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இன்னொரு தரம் உட்காரச் சொல்லு என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

குளித்த நாய் ஏன் இப்படி ஆடுகிறது என்று நான் விடாமல் நச்சரித்திருக்கிறேன். அவள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்வாள், எல்லாவற்றையும் அடித்துச் சொல்வாள்.

ஒருநாள் சொன்னாள்: "அதுக்குன்னு ஒரு வாசம் இருக்குல்ல? அத நாம சவுக்காரம் போட்டுக் கழுவிட்டோம். உன்னப் புடிச்சு வேற யாரோ பொம்பள வாசத்தப் பூசிவிட்டா நீ சும்மா இருப்பியா? அதான் மண்ணுல பொரண்டு தன் வாசத்தத் தேடுது."

இன்னொரு நாள்: "ஈரம் உடம்புல கனக்குது. ஓடினா காயும். அதுக்குத் துண்டா இருக்கு தொடச்சுக்க?"

ஆனால் அவள் மனசார நம்பிய காரணம் வேறு. ஒரு பங்களாவில் புதிதாக வந்த துரைசாணி, குளித்த நாய்கள் ரோஜாச் செடிகளை நாசம் பண்ணுகின்றன, இனிமேல் குளிப்பாட்டியதும் கட்டிப்போடு என்று உத்தரவு போட்டாள். கூடப் போயிருந்த நான் பார்க்க, அக்கா முடியாது என்றுவிட்டாள். வெள்ளைக்கார வீட்டில் முடியாது என்று சொன்ன முதல் தமிழச்சியை அன்றைக்குத்தான் பார்த்தேன். சமையல்காரர் நடுவில் நின்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, இவள் பேசினாள்.

"குளிக்கிறது நாய்க்குப் புடிக்கிற காரியமான்னு கேளுங்கண்ணே. புடிக்கல. கண்ணுல சவுக்காரம் படுது, காதுல தண்ணி போவுது. கடிக்கலாம், கடிக்கல. ஓடலாம், ஓடல. எனக்காகப் பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்குது. அவ்ளோ நேரம் அடக்கி வெச்சத எங்க கொண்டு போயி எறக்கும்? காலுலதான் எறக்கும். ஓடவிடாம கட்டிப் போட்டா அது உள்ளயே நின்னுரும். அப்பறம் ஒருநாள் கடியாதான் வரும். சொல்லிருங்க லா."

சமையல்காரர் எவ்வளவு சொன்னாரோ, எவ்வளவு முழுங்கினாரோ தெரியாது. கட்டத்தான் வேண்டும் என்று துரைசாணி நின்றாள். அன்று கட்டிய நாய் போட்ட ஓலத்தில், மத்தியானத் தூக்கம் கெட்ட துரை தானே இறங்கி வந்து அவிழ்த்துவிட்டார். அப்புறம் அந்தப் பங்களாவில் ரோஜாவைத் தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்த மலையேறும் சங்கதியை அவள் நாயோடு விட்டிருந்தால் தேவலை. மனுஷருக்கும் வைத்திருந்தாள். சனிக்கிழமை கள்ளுக்கடையிலிருந்து அவள் வீட்டுக்காரர் கத்திக்கொண்டு வந்தால், வாளியைக் கவிழ்த்து வெளியே போட்டு உட்கார்ந்து வெற்றிலையை மடிப்பாள். "மலையேறட்டும்." குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொண்டால் விலக்கப் போகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்துவாள். "மலையேறட்டும்." கிள்ளான் ஆறு பெருகி வாசல் வரைக்கும் தண்ணீர் வந்தபோதும் பெட்டியைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு அதையேதான் சொன்னாள். அதிலும் அவள் சொன்னதே பலித்தது. ஒருத்தி சொல்வதெல்லாம் பலித்துக்கொண்டே இருந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்கு எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா?

எனக்கு வந்தது. என் முதல் பெண்ணுக்கு எட்டு மாதம். பல் முளைக்கும் சமயம், விடிந்ததிலிருந்து கத்தல். தூக்கினாலும் கத்தல், போட்டாலும் கத்தல். நானும் கூடவே அழுதுகொண்டு பானையை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"புள்ளயப் பாயில போட்டுட்டு நீ வெளிய வந்து உக்காருடி. பத்து நிமிஷம் அழுவட்டும். மலையேறிடும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இதென்ன நாயா? ஒண்ணப் பெத்திருந்தா தெரியும் உங்களுக்கு," என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. மூன்று உண்டாகி மூன்றும் தோட்டத்திலேயே போயிற்று என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மென்றுகொண்டிருந்த வெற்றிலை அவள் கன்னத்தில் அப்படியே நின்றது.

"சரி. இதுவும் மலையேறட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. அவள் குழாயடிக்கு வரும் நேரம் பார்த்து நான் உள்ளே போய்விடுவேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றும். பாழாய்ப்போன வாய் திறக்காது.

அந்த வாரம்தான் ஊரெல்லாம் வெறிநாய்ப் பேச்சு. எங்கோ ஒரு கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், யாரையோ கடித்துவிட்டது என்றார்கள். வாய்க்கூடும், கழுத்தில் லைசென்ஸ் தகர வில்லையும் இல்லாத நாய் தெருவில் நின்றால் அந்த இடத்திலேயே சுடு என்று உத்தரவு. போலீஸ்காரர்களை அப்போது மாத்தா என்போம். எங்கள் பக்கத்துக்கு ஒரு மலாய்க்கார மாத்தா, நடுத்தர வயசு, துப்பாக்கியோடு தினமும் சுற்றி வந்தார். அக்கா அந்தத் தகர வில்லையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். கங்காணியை வாய்க்கூடு இல்லாமல் வெளியே விடவே மாட்டாள், குளிப்பாட்டும் நேரம் தவிர. தோல் பட்டை நனைந்தால் கழுத்து புண்ணாகும் என்று அதையும் வாய்க்கூட்டையும் கழற்றிக் குழாய்க் கம்பத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குழந்தையைப் பக்கத்தில் பாயில் படுக்கவைத்து, வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மூலையைத் திரும்பி ஒரு நாய் வந்தது. உடம்போடு ஒட்டிய மயிர், பார்க்கப் பாதி உடம்பாகத்தான் தெரிந்தது. கண் பிதுங்கி, பல் தெரிய, வாயிலிருந்து வெள்ளை நுரை பறக்க நேராக எங்கள் பக்கம் பாய்ந்து, முறத்தைத் தட்டிவிட்டு, குழந்தையைத் தாண்டிக் குதித்து ஓடியது. நுரையில் ஒரு துளி குழந்தை காலில் விழுந்தது.

"வெறிநாய்! வெறிநாய்!" என்று கத்தினேன்.

இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. முதல் தடவை கத்தியபோது அது எந்த நாய் என்று சத்தியமாகத் தெரியாது. இரண்டாவது தடவை வால் நுனியின் வெள்ளை கண்ணில் பட்டுவிட்டது. மூன்றாவது தடவையும் கத்தினேன்.

ஆண்கள் கழியோடு ஓடி வந்து சந்தின் இரண்டு பக்கத்தையும் அடைத்தார்கள். எல்லோரும் தன்னோடு விளையாட வந்துவிட்டார்கள் என்று நாய்க்கு ஒரே கொண்டாட்டம், இன்னும் வேகமாகச் சுற்றியது. "கங்காணியச் சுடப்போறாங்க!" என்று ஒரு பெண் கத்த, தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், "நெசமாவா? எந்தத் தோட்டத்துல?" என்று ஆசையாகக் கேட்டது இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. மாத்தா வந்துவிட்டார். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

குழாயடியிலிருந்து அக்கா ஓடி வந்தாள். நுரைக் கையோடு, கழியெல்லாம் தள்ளிக்கொண்டு, துப்பாக்கிக்கும் நாய்க்கும் நடுவில் போய் நின்றாள். நாய் அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி ஓடியது.

"அஞ்சிங் கீலா!" என்றார் மாத்தா. பைத்தியம் பிடித்த நாய், விலகு என்று கையால் காட்டினார்.

"கீலா இல்ல, துவான்," என்றாள் அக்கா. "துங்கு. பத்து நிமிஷம் துங்கு." துவான் என்றால் ஐயா, துங்கு என்றால் பொறுங்கள் என்று அர்த்தம். அவள் குரலில் நடுக்கமே இல்லை.

மாத்தா கேட்கிற ஆளாக இல்லை. கழுத்தைக் காட்டினார், வில்லை இல்லை. வாயைக் காட்டினார், நுரை. பிறகு முதலில் கத்தியது யார் என்று கேட்டிருப்பார் போல, எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மாத்தா என்னைப் பார்த்து, "கீலா?" என்று கேட்டார்.

அக்காவும் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பிள்ளையென்று அவளுக்கு இருந்த அந்த ஒரே உயிரும் போய்விடும். நான் குழந்தையின் காலைத் தூக்கி, அந்தத் துளியை மோந்து பார்த்தேன். சிவப்புச் சவுக்கார வாசம் மூக்கில் ஏறியது.

"மாண்டி!" என்று கத்தினேன். "மாண்டி, துவான்! மாண்டி, மாண்டி!"

அந்த நேரத்தில் என் வாயில் வந்த மலாய் அவ்வளவுதான். மாத்தா துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை, ஆனால் விசையிலிருந்து விரலை எடுத்தார். அக்கா குனிந்து, ஓடுகிற நாயை ஒரே பிடியில் பிடித்து, அதன் வாயோரத்து நுரையை உள்ளங்கையில் வழித்து அவரிடம் நீட்டினாள். "சாபுன், துவான். மோந்து பாருங்க." அவர் இரண்டடி பின்னால் போனார். பாவம், அவர்கள் மார்க்கத்தில் நாய் எச்சில் ஆகாது, எப்படி மோப்பார்? அக்காவுக்கும் அது புரிந்தது. நீட்டிய கையைத் திருப்பி, தன் நாக்கால் அந்த நுரையை நக்கினாள்.

ஐயோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையிலேயே வெறி என்றால் அவள் பிழைக்க மாட்டாள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"தூ! கசக்குது," என்றாள் அக்கா. "சவுக்காரந்தான்."

நாயை விட்டுவிட்டாள், அது பாட்டுக்கு ஓடியது. அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டு, அந்த இடத்திலேயே நின்று மெல்ல ஆரம்பித்தாள். மாத்தா அவள் வாயைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். கங்காணி நாலு சுற்று சுற்றியது. சாக்கடையோரம் மண்ணில் முதுகைத் தேய்த்துப் புரண்டது. எழுந்து உடம்பை உதறியது, தும்மியது. அப்புறம் மெதுவாக நடந்து வந்து அக்காவின் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

அக்கா வெற்றிலையைத் துப்பினாள். "மலையேறிடுச்சு, துவான்."

யாரோ ஓடிப்போய்க் குழாய்க் கம்பத்திலிருந்து கழுத்துப் பட்டையைக் கொண்டுவந்தார்கள். மாத்தா வில்லையைப் பார்த்தார். இனிமேல் குளிப்பாட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டு என்கிற மாதிரி ஏதோ அதட்டினார். போகும்போது, "மாண்டி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தலையை ஆட்டியதைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "அக்கா, நாந்தான்… மொதல்ல தெரியாமத்தான்… அப்பறம் தெரிஞ்சும்…" வாய் குழறியது. "அன்னிக்குச் சொன்னதும் தப்புக்கா. என்ன ரெண்டு சாத்து சாத்துங்க."

அவள் நான் பேசியதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மிச்சமிருந்த நுரையைச் சேலையில் துடைத்தாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா சொல்ல முடியாது. சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகினாள், ஓட ஆரம்பித்தாள். வீட்டு வரிசைக் கடைசியில் ரயில் வேலி வரைக்கும் ஓடி, வேலியைத் தொட்டு, திரும்பி வந்து, எங்களைத் தாண்டி, மறுகோடி வரைக்கும் ஓடி, மறுபடி வேலிக்கு. கொண்டை அவிழ்ந்து தொங்கியது. கங்காணி தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. "ஐயய்யோ, இவளுக்கு என்னாச்சு? அந்த எச்சில நக்கினாளே, புடிச்சிருச்சா? புடிங்கடி அவள!" என்று நாலு பெண்கள் இறங்கி வந்தார்கள்.

நான் சந்தின் நடுவில் போய்க் கையை நீட்டி மறித்தேன்.

"யாரும் கிட்டப் போவாதீங்க," என்றேன். "ஒண்ணுமில்ல. பத்து நிமிஷம். மலையேறிடும்."

குழாயடியிலிருந்து அவளுடைய வாளியை எடுத்து வந்து கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். சுருக்குப்பை கீழே விழுந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது, சுண்ணாம்பு நாக்கைச் சுட்டது. அவள் ஓடி முடிக்கும் வரைக்கும் துப்பாமல் மென்றேன்.